நான் கழுவிய சட்டி

1

குங்குமச் சிமிழுக்குள் நான் மூடி வைத்திருப்பது நூற்றைம்பது வருடத்துக் கஞ்சியா, அல்லது போன ஆவணி மாதத்துத் தேயிலையா?

இன்றுவரை எனக்கு இதற்குப் பதில் தெரியாது. சிமிழ் எங்கள் குசினி அலுமாரியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் இருந்தது. நாலு மாதமாக அதை யாரும் தொடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அது பள்ளிக்கூடம் போய் வந்துவிட்டது.

என் மகள் ஆரணிக்கு ஆறு வயது. முதலாம் வகுப்பு. வகுப்பு ரீச்சர் ஒரு துண்டுக் கடிதம் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, அதைப் பற்றி இரண்டு வசனம் சொல்ல வேண்டும். நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் எங்கள் வீடு. சோபா முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனது. சாமிப்படங்கள்கூட இங்கே வந்தபிறகு கடையில் வாங்கிச் சட்டம் போட்டவை. ரொறன்ரோவுக்கு நாங்கள் வந்து ஏழு வருடம். நாங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் அதைவிடக் குறைந்த வயதுதான்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும்," என்றார் என் கணவர் குகன். "உந்த வீட்டிலை நான்தான் பழசு."

கடைசியில் எங்கள் கலியாணப் படத்தை ஒரு கடித உறைக்குள் வைத்து ஆரணியின் பையில் போட்டுவிட்டேன். பின்னேரம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எல்லாரும் 'வாவ்' எண்டவை!"

"கலியாணப் படத்துக்கோ?"

"நோ. படம் ஸ்கூல் பாக்கிலை இருக்கு. நான் இதைக் கொண்டுபோனன்." உள்ளங்கையில் குங்குமச் சிமிழ்.

நான் சிமிழை வாங்கிக்கொண்டேன். "இதுக்குள்ளை என்ன எண்டு சொன்னனீங்கள்?"

"பூவர் பீப்பிளின்ரை ஃபூட். வெரி, வெரி ஓல்ட். என்ரை அம்மா வோஷ் பண்ணினவ."

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"'இஸ் இட் டீ?' எண்டு கேட்டவ. நான் நோ எண்டன். 'ஹூ குக்ட் இட்?' எண்டும் கேட்டவ. ஐ டோன்ட் நோ எண்டன்."

"உங்களுக்கு ஆர் இதெல்லாம் சொன்னது?"

"நீங்களும் அப்பாவும் கதைக்கேக்கை கேட்டனான்," என்று சொல்லிவிட்டு அவள் ரீ.வி. பார்க்கப் போய்விட்டாள். நாலு மாதமாக நான் வெளியே யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று புரட்டிக்கொண்டிருந்ததை என் பிள்ளை இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று வசனத்தில் சொல்லி முடித்திருந்தாள்.

ஆகவே உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

குகன் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபிறகு நாங்கள் அரசாங்க உதவியில் இருக்கிறோம். இங்கே அதை எல்லோரும் வெல்ஃபெயர் என்பார்கள். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதை விளங்கப்படுத்த முடியாது. என் அம்மா கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக இருக்கிறார். அப்பா இப்போது இல்லை. அம்மாவை இங்கே கூப்பிட வேண்டும் என்றால் எங்களில் ஒருவருக்காவது ஒழுங்கான வேலை வேண்டும். உதவிப்பணத்தில் இருப்பவர்கள் இன்னொருவரைத் தாங்குவோம் என்று எப்படிக் கையெழுத்து வைப்பது?

உதவி அலுவலகத்தில் இருந்த பெண்மணி என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "நீர் என்ன படித்தீர்?" என்று கேட்டார். சரித்திரம் என்றேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் படித்து, பட்டம் எடுக்காமல் வந்தவள் என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். சொல்லியது நல்லது என்று அடுத்த தரிப்பில் நினைத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. நகரத்தின் பழைய பகுதியில் ஒரு கட்டடம் எழும்பப் போகிறது, அதற்கு முன்பு நிலத்தைத் தோண்டிப் பார்க்கிறார்கள், தோண்டி எடுக்கும் பொருட்களைக் கழுவி இலக்கம் எழுத ஆள் வேண்டும், ஆறு மாதப் பயிற்சி.

வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கே என்ன இருந்தது என்று நான் கேட்டபோது, தோண்டும் வேலைக்குப் பொறுப்பான ஹெலன் சொன்னார்: பிரித்தானியர் ஆண்ட காலத்தில் ஒரு தேவாலயத்தின் கோயிற்பற்று நடத்திய ஏழைவிடுதி. கப்பலில் வந்து காய்ச்சலில் புருஷனை இழந்தவர்கள், வேலையில்லாதவர்கள், தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க முன்பு கேள்விகள் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்களாம். எங்கிருந்து வந்தாய், உன்னைப் பார்க்க இனசனம் இல்லையா, இந்த நிலைக்கு வந்த காரணம் என்ன.

ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியைக் குறிக்கும் கோயிற்பற்று என்பது எனக்குப் பழகிய சொல். யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தைப் பற்றிப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். மற்றக் கேள்விகளும் பழகியவைதான். அதே கேள்விகளுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் உதவி அலுவலகப் படிவத்தில் நீல மையால் பதில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

3

கழுவும் அறை ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடி. நீளமான சன்னல். அதற்குக் கீழே ஆழமான ஒரு சிங்க். காலையில் ஆரணியை எட்டாம் மாடியில் இருக்கும் பவளம் அன்ரியிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, ரெயின் மாறி அங்கே போய்ச் சேர்வேன். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாத அறை. மண் உருண்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டால் அது மெல்ல மெல்லக் கரையும். பழுப்பு நிறப் புகை போல மண் பரவும். அதற்குள்ளிருந்து ஒரு எலும்புப் பொத்தான், சின்னப் பிள்ளையின் சிலேற்றுப் பென்சில் துண்டு, தையல்காரிகள் விரலில் போடும் தொப்பி. யாரோ நித்திரையில் இருந்து எழும்புவதைப் பார்ப்பது போல இருக்கும். சில வேளை நானும் நித்திரையில் இருக்கிறேனோ என்று இருக்கும்.

பழைய பல்தூரிகையால் மண்ணைத் துடைக்க வேண்டும். காய்ந்தபிறகு, நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பொட்டளவு தடவி, அதன்மேல் மெல்லிய பேனையால் இலக்கம் எழுதி, அதற்குமேல் இன்னொரு பொட்டு நகப்பூச்சு. என் கையெழுத்து ஹெலனுக்குப் பிடிக்கும். "இவ்வளவு சின்னதாக, இவ்வளவு தெளிவாக எழுத எங்கே பழகினீர்?" என்று கேட்டார். கொப்பிக்குத் தட்டுப்பாடான இடத்தில் என்று சொல்ல நினைத்தேன். சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சட்டி வந்தது. சிவப்பு மண்சட்டி. உள்ளே மட்டும் பளபளப்பான பூச்சு. ஒரு கைப்பிடி உடைந்தது தவிர முழுச்சட்டி. குசினியின் நிலவறையில், ஒரு செங்கல் தூணுக்குப் பின்னால், கவிழ்த்தபடி இருந்ததாம். முழுப் பாத்திரம் கிடைப்பது அபூர்வம் என்று ஹெலன் பிள்ளைப்பேறு பார்த்தவர் போல இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்தார். உள்ளே களிமண் அடைத்திருந்தது.

"வெளிப்பக்கத்தை மட்டும் கழுவும். உள்ளே மண்ணை மெதுவாக எடும். மண்ணுக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருந்தால் தொடவேண்டாம், தண்ணீர் படவேண்டாம். அந்தப் பிள்ளைகள் உண்மையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்." விடுதிக் கணக்கேடுகளில் இறைச்சி ரசம், பாண் என்றெல்லாம் எழுதியிருக்கிறதாம். ஹெலன் அதை நம்பவில்லை. சட்டி பொய் சொல்லாது என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. தலையாட்டினேன். ஹெலன் குழிக்குத் திரும்பிப் போனார். அறையில் நான் மட்டும்.

களிமண்ணை மரக்குச்சியால் எடுத்தேன். அடியில் கறுப்பாக, தட்டையாக, ஒரு கருகல். ஓரத்தில் சற்றுத் தூக்கி வெடித்திருந்தது. அதை நான் பார்த்தேன். கஞ்சி அடிப்பிடித்தால் அப்படித்தான் இருக்கும். அன்று காலையில் ஆரணி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதிருந்தாள். பவளம் அன்ரியிடம் தமிழில் கதைக்கச் சொன்னதற்காக. நான் அதட்டியது கூடிப்போய்விட்டதோ, தமிழைத் தண்டனையாக்கிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை மேகம் மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. குழாய் திறந்திருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் குனிந்து பார்த்தபோது சட்டிக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. ஊறப்போட்டிருக்கிறேன். தேத்தண்ணிக் கோப்பைகள் தேய்த்துக் கழுவ வைத்திருந்த சொரசொரப்பான பச்சைத் தேய்ப்பான் என் வலது கையில் இருந்தது. அடிப்பக்கம் வழுவழுவென்று, சுத்தமாக, சிவப்பாக மின்னியது. உள்ளங்கையால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துமிருக்கிறேன், எங்கேயும் சொரசொரப்பு இருக்கிறதா என்று. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

கவிழ்த்து வைத்தபிறகுதான் எனக்கு விழிப்பு வந்தது.

4

வெள்ளிக்கிழமையில் அடிப்பிடித்த சட்டியைக் கழுவாமல் விடும் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று என் அம்மா நம்புகிறவர். அவர் நம்பியதையெல்லாம் நான் நம்புவதில்லை. என் கைகளிடம் அதை யாரும் கேட்கவில்லை.

ஊரில் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளில் எனக்குப் பத்தொன்பது வயது. ஷெல் சத்தம் கிட்டவாக வந்துவிட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல். ஒரு சைக்கிளில் அப்பாவை இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். அடுப்பில் சோற்றுச் சட்டி இருந்தது. அம்மா அதை இறக்கி வைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் அவர் நகைகளைப் பற்றியோ காணி உறுதிப் பத்திரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "சட்டியைக் கழுவாமல் வந்திட்டன்," என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எரிந்து விழுந்தேன்.

ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் ஐந்து கிழமை இருந்தோம். நாங்கள் சைவம். பாதிரியார் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலையில் கஞ்சி, பின்னேரம் சோறும் பருப்பும். தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க முதல் நாள் எனக்குக் கால் கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. கூசாமல் போனதுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

பெண்கள் முறைவைத்துக் கஞ்சி காய்ச்சும் கிடாரம் கழுவினோம். மூன்று பேர் உள்ளே குனிந்து நிற்கலாம், அவ்வளவு பெரியது. அம்மாவின் முறை வந்தால் சாம்பலும் தும்புமாக, வெளிப்பக்கக் கரிகூடப் போகும்வரை தேய்ப்பார். "நாளைக்குத் திருப்பியும் கரி பிடிக்கத்தானே போகுது, விடுங்கோ அம்மா," என்பேன்.

"விடு பிள்ளை. எங்களுக்குச் சாப்பாடு தாற சனம், எங்களை ஊத்தைச் சனம் எண்டு சொல்லக்கூடாது."

5

திங்கட்கிழமை காலையில் ஹெலன் சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உள்ளே ஏதும் ஒட்டியிருந்ததா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதற்குரிய பதிலைத்தான் தயாரித்திருந்தேன். ஆங்கிலத்தில் மூன்று வசனம். மன்னிக்க வேண்டும், கவனம் தப்பிவிட்டது, கழுவிவிட்டேன். குளிக்கும் அறையில் கண்ணாடிக்கு முன்னால் சொல்லியும் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"மண் மட்டும்," என்றேன்.

ஹெலனின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு சட்டியைச் சாய்த்தார். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். "இங்கே வந்து பாரும்," என்று என் தோளைப் பிடித்து இழுத்தார். சட்டியின் உட்பூச்சில் மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக, மயிரிழை போல.

"தேய்த்திருக்கிறார்கள். மணலாக இருக்க வேண்டும். எவ்வளவு பலமாகத் தேய்த்திருக்கிறார்கள் பாரும்! விடுதியின் ஒழுங்குவிதிகளில் பெண்கள் தினமும் பாத்திரம் துலக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் அது வெறும் எழுத்து என்று நினைத்தேன்." அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "அந்தப் பெண்களின் கைகளைப் பார்ப்பது போல இருக்கிறது."

நான் என் கைகளை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் போனபிறகு சிங்கின் வடியைத் தூக்கிப் பார்த்தேன். அதில் கறுப்பாகச் சில துணுக்குகள் காய்ந்து ஒட்டியிருந்தன. கருகலும் இருக்கலாம். அதே சிங்கில்தான் எங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளையும் கழுவுகிறோம். ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத்தில் மடித்தேன். வீட்டில் அதை வைக்க மூடியுள்ள சின்னப் பாத்திரமாக அந்தக் குங்குமச் சிமிழ்தான் கிடைத்தது. ரெயினில் வரும்போதுதான் யோசித்தேன். முதலில் அழித்தேன், பிறகு பொய் சொன்னேன், இப்போது எடுத்துக்கொண்டும் போகிறேன். பரம்பரையில் ஒருவரும் பொலிஸ் வாசல் மிதிக்காத குடும்பம் எங்களுடையது.

6

குகனிடம் அன்றே சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"நூற்றைம்பது வருசமாக் கழுவாமல் கிடந்த சட்டியை ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை வந்துதான் கழுவ வேண்டிக் கிடந்தது!"

"பகிடி விடாதேங்கோ. நான் நாளைக்குச் சொல்லப்போறன்."

"என்னத்தை? இஞ்சை பாரும். நீர் சொன்னால் உம்மடை பயிற்சி முடியேக்கை அந்த மனுசி என்ன எழுதிக் குடுக்கும்? மாமி லொட்ஜிலை இருக்கிறா, அதை யோசியும். செத்துப்போன சனம் கஞ்சி குடிச்சதோ, ரசம் குடிச்சதோ, இப்ப ஆருக்கு நட்டம்?"

பவளம் அன்ரிக்கு வேறு கவலை. "குங்குமச் சிமிழுக்குள்ளையோ வைச்சனி? செத்தவையின்ரை சாப்பாட்டையோ? உனக்கென்ன விசரே பிள்ளை? ஐயரிட்டைக் கேட்டு ஒரு பரிகாரத்தைச் செய்."

"அது தேயிலையாயும் இருக்கலாம் அன்ரி."

"தேயிலையெண்டால் கொட்டு. கஞ்சியெண்டால் கும்பிட்டிட்டுக் கொட்டு."

நான் கொட்டவில்லை. சொல்லவுமில்லை. நாட்கள் தண்ணீரில் மண் கரைவது போலப் போயின. பொத்தான்களுக்கு இலக்கம் எழுதும்போது எனக்கு ஒரு பெண் தெரிவாள். பதினைந்து, பதினாறு வயது. அடுப்படியில் நிற்கிறாள். எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், மேகத்தையோ வேறெதையோ. கஞ்சி அடிப்பிடித்துவிடுகிறது. பொறுப்பான மனிசியின் காலடிச் சத்தம் கேட்கிறது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடுகிறாள். தூணுக்குப் பின்னால் கவிழ்த்து வைக்கிறாள். நாளைக்கு வந்து கழுவலாம் என்று நினைக்கிறாள். இல்லாவிட்டால் முழுச்சட்டி ஒன்று ஏன் அங்கே கவிழ்ந்திருக்க வேண்டும்? இது சரித்திரம் அல்ல, என் கற்பனை. ஆனாலும் அவள் ஒளித்ததைக் கண்டுபிடித்து, அவளுக்காகக் கழுவியும் வைத்து, அவள் இருந்ததையே இல்லாமல் செய்துவிட்டேன் என்று தோன்றும். அடுத்த பொத்தானை எடுப்பேன்.

ஐப்பசியில், அந்தச் சுற்றுவட்டாரத்து மண்டபம் ஒன்றில் பொருட்களைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனேன். நடுமேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள், சட்டி. கீழே ஒரு அட்டை. ஆரணி புதிதாக வாசிக்கப் பழகியிருந்த காலம். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தாள். இந்த விடுதியில் வாழ்ந்த பெண்கள் இச்சட்டியைத் தேய்த்துத் துலக்கி வைத்தார்கள், உட்புறக் கீறல்களைக் கவனியுங்கள் என்று அதன் பொருள். சுற்றி நின்றவர்கள் என் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"ஏனம்மா இவ்வளவு கிளீன்?" என்று கேட்டாள்.

அவளுடைய விரல் பதிந்திருந்த கண்ணாடியை என் கைலேஞ்சியால் துடைத்தேன். அவளே பதிலும் சொன்னாள். "தே வேர் ஹங்ரி. எல்லாத்தையும் நக்கிச் சாப்பிட்டிருப்பினம்."

அட்டையில் இருந்த எழுத்து என்னுடையது. தெளிவான எழுத்து என்று ஹெலன் என்னைத்தான் எழுதச் சொல்லியிருந்தார்.

7

கார்த்திகையில் ஹெலன் ஒரு படிவம் தந்தார். வருகிற சித்திரையில் நிலம் இளகியதும் வேறோர் இடத்தில் தோண்டப் போகிறார்கள். பயிற்சி அல்ல, வேலை. "உம்மைப் போல கவனமான ஆளை நான் பார்த்ததில்லை," என்றார். ஏழைவிடுதியைப் பற்றிய அவருடைய அறிக்கை பங்குனி முடிவில் அச்சுக்குப் போகிறது. அதில் சட்டிக்குத் தனியாக ஒரு பக்கம். தேய்த்த கைகளைப் பற்றி.

ஆரணி சிமிழைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் வந்த மறுநாள் காலை, அம்மாவுடன் தொலைபேசியில் கதைத்தேன். அங்கே பின்னேரம். லொட்ஜ் நடைபாதையில் யாரோ வாளி இழுக்கும் சத்தம் கேட்டது.

"வேலை சரிவருமே பிள்ளை?"

"வரும் போலைதான் கிடக்கு அம்மா. படிவம் தந்திருக்கினம்."

"கவனமாச் செய். ஆரும் குறை சொல்லாமல் நட."

"அம்மா," என்றேன். "நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, அடுப்பிலை சோறு இருந்ததெல்லோ?"

அம்மா உடனே திருத்தினார். "சோறில்லை. கஞ்சி. கொப்பருக்குக் காய்ச்சலெண்டு வைச்சது. ஷெல் சத்தத்திலை நான் கிண்ட மறந்துபோனன், அடிப்பிடிச்சிட்டுது. அதை ஏன் இப்ப கேக்கிறாய்? பிறகு ஆரும் வந்து பாத்திருந்தால் என்ன நினைச்சிருப்பினம், வீட்டுக்காரி ஊத்தை எண்டெல்லோ."

இத்தனை வருடமும் சோறு என்றுதான் என் ஞாபகத்தில் இருந்தது.

"இல்லை அம்மா," என்றேன். "பாத்தவைக்கு விளங்கியிருக்கும். ஓடின சனம் எண்டு விளங்கியிருக்கும். கழுவி வைச்சிருந்தால்தான் ஒண்டும் விளங்கியிராது."

"என்ன கதை கதைக்கிறாய்," என்றார் அம்மா. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சட்டி இப்பவும் அங்கை கிடக்குமே?"

எனக்குத் தெரியாது என்றேன். கிடந்தால், ஒருகாலத்தில் யாராவது தோண்டினால், அதைக் கழுவ ஒரு கவனமான ஆளை வைக்காமல் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் நினைத்தேன்.

குகனிடம் இதைச் சொன்னேன். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "நீர் சொல்லத்தான் போறீர் போலை," என்றார். "அப்ப வேலையை எடுத்திட்டு, மாமியும் வந்து இறங்கினாப்பிறகு சொல்லும்."

அதற்குள் அறிக்கை அச்சாகிவிடும். அச்சான பிறகு சொல்வது பாவமன்னிப்புக் கேட்பது மட்டும்தான். அதனால் அந்தப் பெண்களுக்கு ஒன்றும் ஆகாது. இப்போதே சொன்னால், ஹெலன் அந்தப் பக்கத்தையாவது எடுத்துவிடுவார். துணுக்குகளைச் சோதனைக்கும் அனுப்பலாம். நாலு மாதம் சிமிழில் இருந்தது, தண்ணீர் பட்டது, கொஞ்சம் குங்குமமும் கலந்திருக்கும், ஒருவேளை எல்லாமே தேயிலை. அப்படியென்றால் வேலையையும் அம்மாவையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிச் சக்கைக்காகக் கைவிட்டவள் ஆவேன். கவனமான ஆள் என்று நம்பியவரிடம் கவனமில்லை என்று சொல்லிவிட்டு, வேலையையும் எப்படிக் கேட்பது? சொல்லாமல் கையெழுத்து வைத்தால், அந்தக் கையெழுத்தைப் போலத்தான் அம்மாவுக்காகப் போடும் கையெழுத்தும் இருக்கும் என்று தோன்றுகிறது. உடனே, இது பெரிய வசனம், வயிற்றுக்கு உதவாது என்றும் தோன்றுகிறது.

வெளியே உறைபனி விழத் தொடங்கிவிட்டது. நிலம் இறுகிவிட்டது, சித்திரை வரை யாரும் எதையும் தோண்ட முடியாது. தபால் போய்வரக் காலம் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

பங்குனிக்குள் ஒரு நாள் ஹெலனின் அறைக்குப் போவேன் என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன். ஒரு கையில் படிவம் இருக்கும், மற்றக் கையில் சிமிழ். எதை முதலில் மேசையில் வைப்பது? படிவத்தை வைத்தால், வேலைக்குக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பிறகு சொன்னவள் ஆவேன். சிமிழை வைத்தால், படிவத்தை எடுக்க என் கை வருமோ தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு எழுதுங்கள். படித்தவர்கள் எழுதினால் சந்தோசம். சட்டி கழுவிப் பழகியவர்கள் எழுதினால் கூடுதலாக நம்புவேன்.